இரண்டு குளிருக்கு ஒரே போர்வை

1

இந்தக் கதை ஒரு மதிப்பெண் பட்டியலாகப் பிறந்திருக்க வேண்டியது. பிறக்கவிடாமல் தடுத்தவள் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. பாதி வழியில் வந்து "எங்கே பட்டியல்?" என்று யாரும் கேட்கக்கூடாது.

நடந்தது இதுதான். சமவெளியிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் ஏறி வந்தார். பணி ஓய்வு பெற்றவர்கள் படிக்கும் பத்திரிகையாம். கழுத்தில் மப்ளர், காதில் பஞ்சு, கையில் கம்பளி உறை. வந்த நேரமோ உச்சிவெயில். நாங்கள் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிற நேரம் அது.

"அம்மா, நீங்க நல்லா கதை சொல்வீங்களாமே. எங்களுக்கு ஒரு கட்டுரை வேணும். சுத்தி வெயில் நாடு, நடுவுல ஜில்லுனு ரெண்டு மலை நகரம். ரெண்டையும் ஒப்பிடுங்க. தண்ணி, வாடகை, ஆஸ்பத்திரி, பஸ் வசதி, காலநிலை. ஒவ்வொண்ணுக்கும் பத்துக்கு எவ்வளவுன்னு மார்க். கடைசியில, எங்கே குடியேறலாம்னு ஒரே ஒரு வரி."

"யாரு குடியேறப் போறது?"

"எங்க வாசகர்கள்."

"அப்போ ஏற்கெனவே குடியிருக்கிற எங்களுக்கு யாரு மார்க் போடுறது?"

அவர் சிரித்தார். நான் ஏதோ ஜோக் அடித்தேன் என்று நினைத்துவிட்டார். "கொடுத்து வெச்சவங்கம்மா நீங்க. ஊருக்கே ஏசி போட்ட மாதிரி இருக்கு" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் போதும். கட்டுரை கிடையாது என்று அப்போதே முடிவு செய்தேன். மார்க் கிடையாது. எங்கே குடியேறலாம் என்ற கடைசி வரி சத்தியமாகக் கிடையாது. ஒரு ரொட்டிக்காரி இருக்கிறாள். அவளைத் தருகிறேன். பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கம் ஒன்று: "வெண்பஞ்சு மேகங்கள் தவழ்ந்து விளையாடும் மலைமுகட்டிலே, பச்சைப் பட்டு உடுத்திய..."

[நிறுத்து. எங்கள் வீட்டில் மேகம் விளையாடுவதில்லை. ஜன்னல் வழியாக உள்ளே வந்து உப்பு ஜாடிக்குள் உட்கார்ந்துகொள்கிறது. பிறகு உப்பைக் கரண்டியால் குத்தித்தான் எடுக்க வேண்டும்.]

தொடக்கம் இரண்டு: "கடல் மட்டத்திலிருந்து இந்நகரத்தின் உயரம்..."

[கடலுக்கும் எங்களுக்கும் என்ன பேச்சு? அது அங்கே இருக்கிறது, நாங்கள் இங்கே இருக்கிறோம்.]

தொடக்கம் மூன்று: "ரொட்டிக்காரியின் வீட்டுச் சுவரில் விரிசல் விட்டது."

இது நிற்கிறது. சுவர்தான் நிற்கவில்லை.

3

ஊர்ப் பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த மப்ளர்க்காரர் வாடகை விசாரிக்கப் போய்விடுவார். நானே பெயர் வைத்துவிட்டேன். ஒன்று படிக்கட்டு ஊர். மற்றது கிண்ணத்து ஊர்.

படிக்கட்டு ஊரில் தெருவே படிக்கட்டுதான். பக்கத்து வீடு என்று ஒன்று கிடையாது. மேல் வீடு, கீழ் வீடு. என் வாசலில் நின்று துப்பினால் கீழ் வீட்டுக் கூரையில் விழும். அதனால் எங்கள் ஊரில் ஒழுக்கம் அதிகம். கேஸ் சிலிண்டர் முதுகில் ஏறிவரும். துவைத்த துணி காயவே காயாது. ரொட்டி அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் காயவைக்க வேண்டும். ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு லேசான ரொட்டி வாசனையோடு போவார்கள். செருப்பை ஒரு மாதம் போடாமல் வைத்தால் பச்சைப் பூசணம் அதைப் போட்டுக்கொள்ளும்.

கிண்ணத்து ஊர் இன்னும் மேலே. ஆனால் தட்டை. சுற்றிலும் மலை, நடுவில் ஊர், கிண்ணத்தின் அடியில் ஒட்டிய கஞ்சி மாதிரி. மழை குறைவு. உதடு வெடிக்கும். காலையில் பஸ் புகை கிண்ணத்துக்குள்ளேயே படுத்துக்கிடக்கும். வெயில் வந்து எழுப்பினால்தான் எழுந்து போகும். தெருவில் வெயில் பக்கம் நடந்தால் மண்டை பொசுங்கும், நிழல் பக்கம் நடந்தால் பல் கிட்டும். ஒரே தெருவில் இரண்டு காலநிலை. சாலையைக் கடக்கும்போதே ஸ்வெட்டரைப் போடவும் கழற்றவும் தெரிந்தவர்தான் உள்ளூர்க்காரர்.

இரண்டு ஊருக்கும் பொதுவானது ஒன்று. வெயில் நாட்டின் நடுவில் இருப்பதால் எங்கள் குளிரைக் குளிர் என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. வீடு கட்டுகிறவன் சமவெளிக்காரன் போட்ட வரைபடத்தைப் பார்த்துக் கட்டுகிறான். தரை சிமெண்ட், ஜன்னல் பெரிது, கணப்பு கிடையாது. வீட்டுக்குள்ளே உறையும், வெளியே வந்தால்தான் உடம்பு சூடேறும். குளிர்காலம் என்று ஒன்று வருவதே இல்லை. வந்தால்தானே போகும்? வருஷம் முழுக்க ஒரே குளிர். ஆனால் ஒரே நாளுக்குள் காலையில் ஒரு பருவம், மதியம் ஒரு பருவம், சாயங்காலம் ஒரு பருவம். இதைத்தான் ஏசி என்கிறார்கள். ஏசிக்கு அணைக்கிற பொத்தான் உண்டு, தம்பி.

* இந்தக் கதையை முதலில் வாயால்தான் சொன்னேன். படிக்கட்டு ஊரில் ரோஜா கட்டும் கொட்டகை ஒன்று இருக்கிறது. பெண்கள் நின்றபடியே தண்டை அளந்து வெட்டி, முள் நீக்கி, மொட்டின் அளவு பார்த்துக் கட்டுவார்கள். மொட்டு விரிந்துவிடக்கூடாது என்பதற்காக உள்ளே இன்னும் குளிர வைத்திருப்பார்கள். பூவுக்காக உறைகிற அந்தப் பெண்களுக்குக் கதை சொல்வது என் பழக்கம். அவர்களில் ஒருத்திக்குக் கத்தரி என்று பெயர், கையில் இருப்பதாலும் வாயில் இருப்பதாலும். அவள் குறுக்கே வருவாள். பொறுத்துக்கொள்ளுங்கள், நல்ல பெண்.

4

சுவரில் விரிசல் விட்டதல்லவா? மழையில் சாலையின் மேல் வளைவில் மண் சரிந்து, ரொட்டிக்காரியின் வீடும் அடுப்பும் இருந்த வரிசை முழுவதையும் நகராட்சி காலி செய்யச் சொல்லிவிட்டது. சிவப்பு மையில் சுவரில் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். ரொட்டிக்காரி அந்தக் குறியின் மேலேயே ஈரத் துணியைக் காயப்போட்டாள். இது நான் சேர்த்தது இல்லை, அவளே செய்தது.

சமவெளியில் இருக்கும் மகன் போன் செய்தான்.

"அம்மா, போதும்மா. கீழே வந்துடு. இங்கே லிஃப்ட் இருக்கு, ஃபேன் இருக்கு. நீ ஒண்ணுமே செய்ய வேணாம். சும்மா உட்கார்ந்திரு."

"சும்மா உட்கார்றதுக்கு நான் என்ன சுவத்துல மாட்டின காலண்டரா?"

"காலண்டராவது தினம் ஒரு தாள் கிழிபடுதும்மா. உனக்கு அந்தக் கஷ்டம்கூட வேணாம்னுதான் சொல்றேன்."

அம்மா வாய் அப்படியே மகனுக்கு. நல்ல பையன். இந்தக் கதையில் வில்லன் கிடையாது, தேடாதீர்கள்.

அன்றைக்கே தங்கையும் போன் செய்தாள். தங்கை வாழ்க்கைப்பட்டது கிண்ணத்து ஊரில். அவள் வீட்டுக்காரரும் ரொட்டிக்கடைக்காரர்; அவர் போனபின் கடையில் பிஸ்கட்டும் சோப்பும் மட்டும் விற்றுக்கொண்டு, அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, அடுப்பு நல்லாத்தான் இருக்கு. எதிர்த்தாப்புல காலேஜ் விடுதி. லீவு முடிஞ்சு திறக்கப் போறாங்க, ரொட்டிக்கு ஆள் தேடுறாங்க. நீ சுடு, நான் கல்லாவுல உட்கார்றேன்."

"உன் ஊரு ரொம்ப உச்சியிலே இருக்குடி."

"குளிர்தானே? உனக்கு என்ன குளிர் புதுசா?"

ரொட்டிக்காரி யோசித்தாள். அதுவும் சரிதான். குளிர் குளிர்தானே?

[இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மப்ளர்க்காரர் செய்த தப்பைத்தான் இவளும் இங்கே செய்கிறாள். இரண்டு குளிரையும் ஒன்றாகப் போட்டுவிட்டாள். ஆனால் அவர் செய்தால் கட்டுரை ஆகும். இவள் செய்தால் ரொட்டி போகும்.]

மகனிடம் சொன்னாள். அவன் ஒரு நிபந்தனை போட்டான்.

"சரிம்மா. விடுதிக்காரங்க உன் ரொட்டியை எடுத்துக்கிட்டா நீ அங்கேயே இரு, நான் வாயைத் திறக்க மாட்டேன். வேணாம்னுட்டா நான் வந்து கூட்டிட்டுப் போவேன். அப்போ நீ வாயைத் திறக்கக்கூடாது."

"வாயைத் திறக்காம நான் எப்படிடா உயிரோட இருப்பேன்?"

ஒத்துக்கொண்டாள். கிளம்பும்போது எடுத்துக்கொண்டது ரொட்டி அச்சுகள், ஒரு நீளக் கரண்டி, ஒரு கம்பளிப் போர்வை. போர்வை அவளுக்கு இல்லை. மாவுக்கு.

5

போர்வையைப் பற்றிச் சொல்ல வேண்டும். படிக்கட்டு ஊரில் மாவு லேசில் எழும்பாது. பிசைந்து வைத்தால் பிசைந்த மாதிரியே மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு இருக்கும். அதனால் அங்கே ரொட்டி சுடுகிற எல்லாரும் ஈஸ்ட்டைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டு, மாவுத் தொட்டியை அடுப்புக்குப் பக்கத்தில் இழுத்து, கம்பளிப் போர்வையை நாலு பக்கமும் செருகிப் போர்த்திவிடுவார்கள், காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் போர்த்துவது போல. அந்த நேரம் யாராவது கதவைத் திறந்தால், "மாவு தூங்குது, சாத்து!" என்று கத்துவார்கள். எங்களுக்கு மாவுக்குத்தான் முதல் போர்வை. மிச்சம் இருந்தால் மனுஷனுக்கு.

தங்கை வீட்டில் இறங்கியவுடனே வாதம் ஆரம்பித்தது. அக்கா தங்கை ஒன்று சேர்ந்தால் எந்த ஊர் ஒசத்தி என்பதுதான் பேச்சு.

"உங்க ஊர்ல ஒரு பாவாடை காய்றதுக்குள்ள பொண்ணு வளர்ந்துடுறா."

"உங்க ஊர்ல ஒரு வாக்கியம் பேசி முடிக்கிறதுக்குள்ள மூச்சு நாலு தடவை வாங்குது. அதான் நீங்கள்லாம் பாதி பாதியாவே பேசுறீங்க."

"டீ குடிக்கிறியா?"

"கொதிச்சுடுச்சா அதுக்குள்ளே?"

"இங்கே சீக்கிரம் கொதிக்கும்."

ரொட்டிக்காரி ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தாள். "கொதிச்சிருக்கு. ஆனா சூடு இல்லையேடி! இது என்ன, கோபம் வராத மாமியார் மாதிரி?"

அரிசி அரைவேக்காடாக வந்தது. குக்கர் இல்லாமல் இங்கே பருப்பும் வேகாது என்று தெரிந்தது. கடையில் பிஸ்கட் பாக்கெட்டும் வறுவல் பாக்கெட்டும் தலையணை போல உப்பிக்கொண்டு, அலமாரியிலிருந்து ஒன்றையொன்று தள்ளிவிட்டன. கீழேயிருந்து வரும்போது சப்பையாகத்தான் இருக்குமாம், ஏற ஏற உப்பிவிடுமாம்.

"இதுங்களுக்கு என்ன வயித்துப் பொருமலா?" என்றாள் ரொட்டிக்காரி.

தங்கை பதில் சொல்ல வாயெடுத்தாள். "அக்கா, அதுதான் சொல்ல வந்தேன், இங்கே மாவு..."

"ஏய். பிஸ்கட்டைப் பத்திக் கேட்டா பிஸ்கட்டைப் பத்திச் சொல்லு. மாவைப் பத்தி நீ எனக்குச் சொல்லித் தராதே. நீ தவழும்போதே நான் அடுப்பு முன்னாடி நின்னவ."

தங்கை வாயை மூடிக்கொண்டாள். சும்மா மூடவில்லை. பூட்டிக்கொண்டாள்.

6

முதல் ரொட்டி.

ரொட்டிக்காரி தாராளமாக ஈஸ்ட் போட்டாள். அடுப்புக்குப் பக்கத்தில் தொட்டியை இழுத்தாள். போர்வையைச் செருகினாள். திரும்பிப் பார்ப்பதற்குள் போர்வை தானாகவே எழுந்து உட்கார்ந்தது. உள்ளே மாவு அந்த எழும்பு எழும்பியிருந்தது.

"பார்த்தியாடி என் கையை! உங்க ஊர்ல இப்படி ஒரு மாவு எழும்பியிருக்கா?"

தங்கை கையைக் கட்டிக்கொண்டு, "இல்லக்கா. சத்தியமா இல்ல" என்றாள்.

அடுப்புக்குள்ளும் எழும்பியது. கிரீடம் வைத்த மாதிரி, அச்சை விட்டு வெளியே தலையை நீட்டியது. வெளியே எடுத்ததும், இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நடுவில் பொசுக்கென்று அமுங்கியது. ஓரம் மட்டும் நின்றது. ஊரைப் போலவே ஒரு கிண்ணம்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், உங்களை ஏன் தவிக்கவிட வேண்டும்? அந்த ஊரில் காற்று மெலிந்தது. மாவை மேலிருந்து அமுக்குகிற ஆள் குறைவு. அமுக்க ஆள் இல்லையென்றால் மாவுக்குத் தலைகால் புரியாது. தன் சுவர் தாங்காத உயரத்துக்கு எழும்பிவிடும். அதற்குப் போய் போர்வையும் போர்த்திச் சூடும் கொடுத்தால்? அங்கே மாவைக் கொஞ்சம் குளிரவிட்டு, அடக்கி, நிதானமாக வளர்க்க வேண்டும். தங்கைக்கு இது தெரியும். அவள் வீட்டுக்காரரோடு நின்று பிசைந்தவள். ரொட்டிக்காரிக்குத் தெரியாது. குளிரில் மாவை வெறுமே விட்டுவைப்பது அவளுக்குப் பிள்ளையைத் தெருவில் விடுவது போல.

அவள் மாவுக்கடைக்காரனைத் திட்டினாள். மறுநாள் அடுப்பைத் திட்டினாள். அதற்கு மறுநாள் தண்ணீரை. ஒவ்வொரு நாளும் போர்வையை இன்னும் கொஞ்சம் இறுக்கிச் செருகினாள். ஒவ்வொரு நாளும் ரொட்டி இன்னும் கொஞ்சம் ஆழமாக அமுங்கியது.

"பரவாயில்லக்கா, குழம்பு ஊத்திக்கலாம்" என்றாள் தங்கை.

"உன் வாய்ல ஊத்து."

7

இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. சொல்லிக்கொண்டிருந்தபோதே கத்தரியும் பிடித்துக்கொண்டாள்.

"கதையக்கா, நிறுத்துங்க. கூடப் பொறந்தவ. காரணம் தெரியும். சொன்னா அக்கா கூடவே தங்கிடுவா, சொல்லலேன்னா மகன் வந்து கூட்டிட்டுப் போயிடுவான். வாயைத் திறக்க மாட்டாளாமா? கதை நீளணும்னு நீங்களே அவ வாயைத் தைச்சுட்டீங்க."

"உனக்கு அக்கா இருக்காளா?"

"இருக்கா."

"பேசிக்கிறீங்களா?"

கத்தரிக்கோல் சத்தம் நின்றது. "அது வேற விஷயம்" என்றாள். கொட்டகையே சிரித்தது. அவளும் கடைசியில் சிரித்துவிட்டாள்.

ஆனாலும் அவள் கேட்டது நியாயம்தான். தங்கைக்கு அக்கா வேண்டும். வீட்டுக்காரர் போனதிலிருந்து அவள் ரேடியோவோடுதான் பேசிக்கொண்டிருந்தாள்; செய்தி வாசிப்பவன் தப்பாகச் சொன்னால் திருத்துவாள். அக்கா வந்தபின் ரேடியோவைப் போடவே இல்லை. அப்படியிருந்தும் "சொல்லித் தராதே" என்ற சொல் தொண்டையில் முள்ளாக நின்றது. அக்காவே கேட்கட்டும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'என்னடி பண்ணலாம்?' என்று கேட்கட்டும். அக்காவுக்கோ அந்தக் கேள்வி மட்டும் வாயில் வராது. வாயில் வராததே இல்லை என்று பெயர் எடுத்த அந்த வாய்.

அதனால் நான் ஒரு காட்சி எழுதிப் பார்த்தேன்: "தங்கை அக்காவின் கைகளைப் பற்றிக்கொண்டு, கண்ணீர் மல்க, 'அக்கா, இத்தனை நாளாக நான்...'"

[மல்க வேண்டாம். என்னால் முடியவில்லை. இந்த இரண்டு பேரும் அழுது நான் பார்த்ததில்லை. வெங்காயம்கூட இவர்களிடம் பயந்துதான் உரிபடும்.]

இன்னொன்று: "விடுதி மேலாளர் தற்செயலாக வந்து, அமுங்கிய ரொட்டியின் ரகசியத்தை விளக்கினார்..."

[யார் அவர்? எதற்கு வந்தார்? வெளியே போகச் சொல்.]

இரண்டையும் விட்டுவிட்டேன். பிறகு என்ன நடந்திருக்கும் என்று யோசிக்காமல், இந்த இரண்டு பேருக்கு என்னதான் முடியும் என்று யோசித்தேன். சொல்ல முடியாது. கேட்கவும் முடியாது. சண்டை போட முடியும்.

8

கடைசிக் காலை. விடுதி மேலாளர் அன்றைக்கு வந்து ரொட்டியைத் தின்று பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். மகன் கீழிருந்து பஸ் ஏறியிருந்தான். இரண்டும் ரொட்டிக்காரிக்குத் தெரியும்.

அவள் மாவைப் பிசைந்து தொட்டியில் வைத்தாள். போர்வையை உதறினாள். நாலு பக்கமும் செருகினாள். கைகழுவத் திரும்பினாள்.

தங்கை வந்தாள். நேராகத் தொட்டியிடம் போனாள். போர்வையை உருவினாள். தன் தலையோடு காலாகச் சுற்றிக்கொண்டு மாவுமூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏய்! என்னடி பண்றே?"

"குளிருது."

"மாவுக்குப் போட்டதுடி அது!"

"மாவுக்குக் குளிருதுன்னு மாவு சொல்லிச்சா? எனக்குக் குளிருதுன்னு நான் சொல்றேன்."

"உனக்கு ஸ்வெட்டர் இல்ல? ரெண்டு ஸ்வெட்டர் இருக்கே!"

"ரெண்டையும் போட்டிருக்கேன். பத்தல."

"குடுடி."

"தர மாட்டேன்."

"இன்னிக்கு என்ன நாள்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். குளிர்ற நாள்."

ரொட்டிக்காரி கிட்டே வந்தாள். போர்வையின் நுனியைப் பிடித்தாள். தங்கை மறுநுனியைப் பிடித்தாள். இரண்டு கிழவிகளும் அடுப்புக்கு முன்னால் கொஞ்ச நேரம் இழுத்தார்கள். மூச்சு வாங்கியது. அந்த ஊரில் சண்டையைக்கூட நிறுத்தி நிறுத்தித்தான் போட வேண்டும்.

அப்போதுதான் ரொட்டிக்காரி பார்த்தாள். எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில், இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் கம்பளிக்குள் உட்கார்ந்திருந்த தங்கையின் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

"வேர்க்குதேடி உனக்கு."

"குளிர்ல வேர்க்கும். எங்க ஊரு அப்படித்தான்."

ரொட்டிக்காரி போர்வையை விட்டாள். தங்கையை ஒரு பார்வை பார்த்தாள். தொட்டியில் வெறும் உடம்போடு கிடந்த மாவை ஒரு பார்வை பார்த்தாள். சமையலறையில் சாக்கு இருந்தது, கொடியில் துண்டு இருந்தது, அவள் தோளிலேயே ஒரு சால்வை இருந்தது. எதையும் எடுத்து மாவின் மேல் போடவில்லை. தொட்டியைக் காலால் அடுப்பிலிருந்து சற்றுத் தள்ளிவைத்தாள், ஏதோ நடக்கிற வழியில் இடறுவது போல.

"மூக்கையாவது வெளியே வெச்சுக்கிட்டு உட்காரு. செத்துத் தொலைஞ்சிடாதே, கல்லாவுக்கு ஆள் வேணும்."

"நான் எதுக்குச் சாவறேன்? குளிருதுன்னுதான் சொன்னேன்."

* 'என்ன புரிந்தது அவளுக்கு?' என்று கத்தரி கேட்டாள். நான் சொல்லவில்லை. புரிந்துவிட்டது என்று எழுதினால் ரொட்டிக்காரி என் வீட்டு வாசலில் வந்து நின்று, "எனக்கு யாரும் எதுவும் புரியவைக்கல" என்பாள்.

9

இனி முடிவு. பத்திரிகைக்காரர் மறுபடி போன் செய்தார். "அம்மா, கதையாவே இருக்கட்டும், பரவாயில்லை. முடிவுல மட்டும் எந்த ஊர் நல்லதுன்னு தெரியுற மாதிரி வெச்சிடுங்க." பார்த்தீர்களா, இன்னும் விடவில்லை.

கொட்டகைப் பெண்களிடம் மூன்று முடிவுகளை வைத்தேன்.

முதல் முடிவு: ரொட்டி அமுங்காமல் வருகிறது. மேலாளர் தின்று பார்த்துத் தலையாட்டுகிறார். மகன் அம்மாவின் காலடியில் தோற்று... [தோற்று என்று எழுதினேன். அடித்துவிட்டேன். அம்மா நன்றாக இருந்தால் மகனுக்கு என்ன தோல்வி?] இந்த முடிவுக்குக் கொட்டகையில் கைத்தட்டல் நிறைய. ஆனால் இதை எழுதினால் மப்ளர்க்காரர் கிண்ணத்து ஊருக்கு ஒன்பது மார்க் போட்டுவிடுவார்.

இரண்டாம் முடிவு: ரொட்டி அமுங்குகிறது. பழைய அளவிலேயே ஈஸ்ட் போட்டிருந்தாளே, போர்வை மட்டும் போனால் போதுமா? சொன்ன சொல்படி வாயைத் திறக்காமல் பஸ் ஏறுகிறாள். இதற்கு ஒரே ஒரு ஓட்டு. ஆச்சரியம், அது கத்தரி போட்டது.

"அந்தப் பையன் பாவம், கதையக்கா. அவ்வளவு தூரம் வர்றான். விரிசல் விட்ட வீட்டுல அம்மா இருந்தான்னு தெரிஞ்சு அவன் தூங்கியிருப்பானா? ஊர் ஊர்னு பேசுறீங்களே, பிள்ளைக்கு அம்மாதானே ஊரு?"

யாரும் சிரிக்கவில்லை. அவள் கேட்டதை நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மூன்றாம் முடிவு: ரொட்டி அமுங்குகிறது. அவள் அசரவில்லை. அமுங்கிய ரொட்டியையே கண்ணாடிப் பெட்டியில் வரிசையாக அடுக்கி, "இந்தக் கடை ரொட்டி இப்படித்தான்" என்று மேலாளரின் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை. எனக்குப் பிடிப்பதையெல்லாம் அவள் தலையில் கட்ட அவள் என்ன என் மருமகளா?

ஆகவே பத்திரிகைக்கார ஐயா, உங்களுக்கான கடைசி வரி இதோ: இந்த ஊர்களில் ஒன்றும் நல்லது இல்லை, கெட்டது இல்லை. அவை உங்களுக்காகக் காத்திருக்கவும் இல்லை. ஒரு ஊரில் பிழைக்கக் கற்றவன் மறு ஊரில் மறுபடி தவழ வேண்டும். அதற்குப் பத்துக்கு எத்தனை போடுவீர்கள்? போட்டால், அந்தத் தாளை எனக்கு அனுப்பாதீர்கள். எங்களுக்கு அடுப்பு மூட்டத் தாள் இருக்கிறது.

10

மகன் வந்துவிட்டான்.

கடை வாசலில், நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பஸ் நிறுத்தத்திலிருந்து தட்டையான தெருவில் நடந்து வந்ததற்கே மூச்சு இரைக்கிறது. தலைவலி. முகம் வெளுத்திருக்கிறது. மெல்லிய சட்டை. கல்லாவில் விடுதி மேலாளர் முழங்கையை ஊன்றிக்கொண்டு காத்திருக்கிறார். தங்கை போர்வைக்குள்ளிருந்து மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறாள். ரொட்டி உள்ளே இருக்கிறது. எடுக்கும் நேரம். எடுத்தால்தான் நடு நிற்குமா அமுங்குமா என்று தெரியும்.

"வாப்பா" என்கிறாள் சித்தி. "குளிருதா?"

"இல்ல சித்தி" என்று பல் தந்தியடிக்கச் சொல்கிறான். பிறகு அம்மாவைப் பார்த்து, எந்தக் கோபமும் இல்லாமல், கேட்கிறான்:

"என்னம்மா? கிளம்பலாமா, இருக்கியா?"

ரொட்டிக்காரி திரும்பினாள். ரொட்டியை இன்னும் யாரும் பார்க்கவில்லை. அவள் அதற்கு முன்பே பதில் சொல்லிவிட்டாள். சொன்னது இது:

"........................................"

இந்த இடம் உங்களுடையது, கண்ணுகளா. நான் எழுத மாட்டேன். எழுதத் தெரியாமல் இல்லை. இவள் எங்கே இருக்க வேண்டும் என்று நகராட்சி சொல்லியாயிற்று, மகன் சொல்லியாயிற்று, தங்கை சொல்லாமலே சொல்லியாயிற்று. நானும் ஒருத்தி சேர வேண்டுமா? நிரப்புங்கள். ஆனால் இரண்டே கட்டளை. வானிலையைக் காரணமாகச் சொல்லாதீர்கள். அவள் வானிலைக்குப் பயந்தவள் இல்லை. அவளை மன்னிப்புக் கேட்கவைக்காதீர்கள், மகனிடமும் சரி, தங்கையிடமும் சரி, மாவிடமும் சரி.

சீக்கிரம் எழுதுங்கள். அவள் கை அடுப்புக் கதவின் கைப்பிடிமேல் இருக்கிறது. துணியை மடித்துத்தான் பிடித்திருக்கிறாள். என்றாலும் துணி எவ்வளவு நேரம் தாங்கும்?